கல்குவாரிக்கு நீதிமன்றத் தடை: அரசியலமைப்பு உரிமையும் அனுமதிக் கோப்பும்

உங்கள் கேள்வியின் சாரம் இது. ஊருக்கு மேற்கே மூன்று ஆண்டுகளாக ஒரு கல்குவாரி ஓடிக்கொண்டிருக்கிறது. வெடி வைக்கும்போது சுவர்கள் அதிர்கின்றன, இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது. அதையொட்டியே இன்னொரு குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டதாகச் சென்ற வாரம் நாளிதழில் விளம்பரம் வந்திருக்கிறது. உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவைக் காட்டி இரண்டுக்கும் தடை வாங்க முடியுமா, அதற்கு உயர் நீதிமன்றம் போவதா, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போவதா என்று கேட்கிறீர்கள்.

தடை வாங்க முடியும். ஆனால் 21-ஆவது பிரிவை மட்டும் நம்பிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உரிமை எப்படி உருவானது என்பதைப் பார்த்தாலே இதற்கான காரணம் விளங்கும்.

டேராடூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரிகளைப் பற்றி 1983-இல் ஓர் அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே ரிட் மனுவாக, அதாவது உரிமையைக் காக்க நேரடியாக நீதிமன்றத்தில் போடும் மனுவாக, எடுத்துக்கொள்ளப்பட்டது. 1985 மார்ச் 12 அன்று, ஆபத்து மிகுந்த குவாரிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. குவாரி நடத்துவோருக்கு இதனால் இழப்பு வரும் என்றாலும், மக்கள் நலமான சூழலில் வாழும் உரிமையைக் காக்க அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நாம் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. ஆனால் அந்த உத்தரவு கடிதத்தைப் படித்தவுடன் வந்துவிடவில்லை. நிபுணர் குழுக்கள் குவாரி குவாரியாகப் போய்ப் பார்த்து அவற்றை வகைபிரித்துக் கொடுத்த பிறகே வந்தது.

மாசற்ற நீரும் காற்றும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் என்ற 1991-ஆம் ஆண்டு வழக்கில். நிலக்கரி கழுவும் ஆலைகளின் கழிவு பொகாரோ ஆற்றில் கலக்கிறது என்பதே அந்த வழக்கு. இன்று ஒவ்வொரு சுற்றுச்சூழல் மனுவிலும் இத்தீர்ப்பு இடம்பெறுகிறது. அந்த மனு தள்ளுபடி ஆனது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. மனுதாரருக்கு அந்தக் கழிவுக் குழம்பை வாங்குவதில் சொந்த ஆர்வம் இருந்தது, பொதுநலன் என்ற பெயரில் அவர் தன் பகையைத் தீர்க்க வந்திருக்கிறார் என்று நீதிபதிகள் கண்டார்கள். 2024 மார்ச் 21 அன்று வந்த ரஞ்சித்சிங் வழக்கின் தீர்ப்பிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளுக்கு எதிரான உரிமை 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று அறிவித்த அதே தீர்ப்பு, கானமயில் என்ற அரிய பறவைகளைக் காக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்ன 2021-ஆம் ஆண்டின் பொது உத்தரவைத் திரும்பப் பெற்று, விஷயத்தை நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

ஆகவே உரிமை உண்டா என்பது இப்போது சர்ச்சைக்குரிய விஷயமே அல்ல. 21-ஆவது பிரிவோடு, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் சேர்த்த 48ஏ, 51ஏ(ஜி) ஆகிய பிரிவுகளையும் (சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை, குடிமக்களின் கடமை என்பவை) மனுவில் காட்டுங்கள். எதிர்த்தரப்பு அவற்றை மறுக்கப் போவதில்லை. நீதிபதி கேட்கப்போகும் முதல் கேள்வி, "குவாரிக்கு அனுமதி இருக்கிறதா, இல்லையா?" என்பதுதான். "இருக்கிறது" என்று அரசு வழக்கறிஞர் கோப்பை எடுத்து நீட்டும்போது, அந்த அனுமதியில் எந்த இடத்தில் ஓட்டை என்று நீங்கள் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும். தடை உத்தரவு கிடைப்பது அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் ஒரு கல்குவாரி சட்டப்படி ஓட வேண்டுமானால் நான்கு தாள்களாவது வேண்டும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின் கீழ் மாவட்ட ஆட்சியர் தரும் குத்தகை, கனிமவளத் துறை ஒப்புதல் அளித்த சுரங்கத் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை ஆகியவை அவை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் முன்அனுமதி கட்டாயம் என்பதை 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. இந்த நான்கையும், அவற்றோடு இணைத்த வரைபடங்களையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி இன்றே கேளுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பு ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முப்பது நாள் காத்திருக்கத் தேவையில்லை.

கோப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, 300 மீட்டர் சுற்றளவில் குடியிருப்பு ஏதும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட அந்த ஒற்றைத் தாளை. சிறு கனிமச் சலுகை விதிகளின் விதி 36(1-ஏ), குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் எடுக்கக் குத்தகை தரக் கூடாது என்கிறது. நான் படித்த ஒரு கோப்பில், ஊரின் பெயரை வெளியிடத் தேவையில்லை, "இல்லை" என்று எழுதியிருந்த சான்றுக்கு இரண்டு பக்கம் தள்ளி இணைக்கப்பட்டிருந்த புல வரைபடத்திலேயே நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்று குறித்த சர்வே எண் இருந்தது. அடிக்கோலை வைத்து வரைபடத்தின் அளவுப்படி கணக்கிட்டால் 210 மீட்டர்தான் வந்தது. கோப்பு கடந்துபோன எந்த மேசையிலும் யாரும் அடிக்கோலை எடுக்கவில்லை. உங்கள் ஊர்க் கோப்பிலும் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அளக்கும்போது கல் எடுத்த குழியிலிருந்து அளக்காமல் குத்தகைப் பரப்பின் எல்லைக் கல்லிலிருந்து அளங்கள், ஏனெனில் விதி தடுப்பது அந்தத் தூரத்துக்குள் குத்தகை தருவதையே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த விதியின் விளக்கப்படி குடியிருப்புப் பகுதி என்பது, வருவாய்ப் பதிவேடுகளில் கிராம நத்தமாகவோ நகர மனையாகவோ வீட்டு மனையாகவோ குறிக்கப்பட்ட இடம், அல்லது உரிய அமைப்பு ஒப்புதல் தந்த மனைப்பிரிவு. புஞ்சை நிலத்தில் முப்பது ஆண்டுகளாக வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பமும், பட்டா இல்லாத புறம்போக்கில் இருக்கும் காலனியும் இந்த விளக்கத்துக்குள் வராது என்று குவாரித் தரப்பு வாதாடும். பெரும்பாலும் ஏழைகளின் வீடுகள்தான் இப்படிக் காணாமல் போகின்றன என்பது என் மனதை மிகவும் வருத்தும் விஷயம். அரசியலமைப்பு உரிமை உண்மையாகவே வேலை செய்ய வேண்டிய இடமும் இதுதான். பதிவேட்டில் இல்லை என்பதால் அந்த வீட்டின் மேல் விழும் கல் விழாமல் போய்விடாது, உயிர் வாழும் உரிமை பட்டாவைப் பார்த்து வருவதில்லை என்று இங்கே 21-ஆவது பிரிவை வைத்து வாதாடுங்கள். கூடவே, சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பத்தில் சுற்றிலும் உள்ள கட்டடங்களைக் காட்டும் இடத்தில் இந்த வீடுகள் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்துப் பெற்ற அனுமதியை ரத்து செய்யலாம் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 8-ஆவது பத்தியே சொல்கிறது. மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல்களைத் திரட்டினால் அந்த வீடுகள் என்றிலிருந்து அங்கே இருக்கின்றன என்பதைக் காட்டிவிடலாம்.

இரண்டாவதாக, புதிய குவாரியும் பழைய குவாரியும் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அவற்றின் பரப்பைக் கூட்டிக் குவாரித் தொகுப்பாகக் கருத வேண்டும். கூட்டுத்தொகை ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டும் என்பதுதான் 2018-ஆம் ஆண்டு சதேந்திர பாண்டே வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் தந்த உத்தரவுக்குப் பிந்தைய நிலை. 4.5 ஹெக்டேர், 4.8 ஹெக்டேர் என்று ஐந்தைத் தொடாமல் விண்ணப்பங்கள் வருவதன் காரணம் இதுவே. கனிமவளத் துறை உதவி இயக்குநர் தந்த 500 மீட்டர் சுற்றளவுக் கடிதம் கோப்பில் இருக்கும். அதில் உங்கள் ஊரின் பழைய குவாரி விடுபட்டிருந்தாலோ, "கைவிடப்பட்டது" என்று எழுதியிருந்தாலோ, உங்கள் வழக்கின் மிக வலுவான ஆவணம் கிடைத்துவிட்டது என்று பொருள். கருத்துக்கேட்பு நடத்தாமல் தந்த அனுமதியில், மக்களைக் கேட்காமல் விட்டது நடைமுறைப் பிழையும் ஆகிறது, உரிமை மீறலும் ஆகிறது.

ஏற்கெனவே ஓடும் குவாரியைப் பொறுத்தவரை, அனுமதியில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தரையில் சரிபார்க்க வேண்டும். பக்கத்துப் பட்டா நிலத்துக்கும் குழிக்கும் இடையே 7.5 மீட்டர் விட்டிருக்க வேண்டும். அரசுப் புறம்போக்காக இருந்தால் 10 மீட்டர். இதை அளக்க நாடா ஒன்றே போதும். உங்கள் நிலத்தின் எல்லைக் கல்லில் ஒரு முனையைப் பிடித்துக் குழியின் விளிம்பு வரை இழுத்து, எண் தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். சுவர் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, ஒட்டிய நாளை அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். விரிசல் பெருகினால் கண்ணாடி உடையும்; பழைய விரிசல் என்ற வாதத்துக்கு அதுவே பதில். வெடியின் நாளும் நேரமும், கிணற்றில் வாரந்தோறும் கயிற்றால் அளந்த நீர்மட்டமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால் அது பிரமாணப் பத்திரத்துக்கு உயிர் கொடுக்கும். நில அதிர்வுக்கும் அளவுகோல் உண்டு. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளில், 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் அதிர்வின் வேகம் வினாடிக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதை அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது. ஆனால் அளந்து அறிக்கை தரச் சொல்லும்படி மனுவில் கேட்கலாம்.

இனி எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். 2010-ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம் முதலியவை இருக்கின்றன. சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் அதில் இல்லை. எனவே சுற்றுச்சூழல் அனுமதியிலோ இசைவாணையிலோ உள்ள குறைக்குச் சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு பொருத்தமான இடம். குத்தகையையே எதிர்ப்பதற்கும், 300 மீட்டர் விதி மீறலுக்கும், அடிப்படை உரிமை வாதத்துக்கும் அரசியலமைப்பின் பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றமோ, தென் மாவட்டமாக இருந்தால் மதுரைக் கிளையோதான் ஏற்றது. தீர்ப்பாயம் வந்ததால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் குறையவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியிருந்தாலும், சுற்றுச்சூழல் வாதத்தை மட்டும் வைத்தால் "மாற்று நிவாரணம் இருக்கிறதே, அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம். உரிமையியல் நீதிமன்றத்தை இதற்கு நான் பரிந்துரைப்பதில்லை, தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விஷயங்களில் அதன் அதிகாரத்தை அச்சட்டத்தின் 29-ஆவது பிரிவு விலக்கிவிட்டது.

உங்கள் நிலையில் இரண்டு குவாரிகளையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்ப வேண்டாம். புதிய குவாரியின் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பழைய குவாரியின் குத்தகை 300 மீட்டர் விதிக்கு முரணாகத் தரப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் தனி ரிட் மனு போடுங்கள். ஒன்றைப் பற்றிய விவரத்தை மற்றொன்றில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிணறும் சுவரும் அடைந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்க அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவின் கீழ் ஐந்தாண்டு அவகாசம் இருப்பதால் அதை இப்போதே சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பழைய குவாரி தொடர்பாக அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் காலவரம்பு ஆறு மாதம், அதற்குமேல் தாமதத்தை மன்னிக்க அறுபது நாள் மட்டுமே. மூன்று ஆண்டு கழித்துப் போகும்போது, அண்மையில் நடந்த எந்த மீறல் வழக்குப் போடுவதற்கான புதிய காரணம் ஆகிறது என்பதை மனுவிலேயே காட்டியாக வேண்டும்.

இடைக்காலத் தடைக்கு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: முதல்நோக்கில் வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா, தடை தருவதாலும் மறுப்பதாலும் யாருக்கு அதிகச் சிரமம், தராவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வருமா. மூன்றாவது கேள்வியில் நம் பக்கம் இயல்பாகவே வலுவானது. வெட்டியெடுத்த பாறையை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப வைக்க முடியாது. இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிரஷருக்கு வாங்கிய கடன், தொழிலாளர்களின் வேலை, அரசுக்கு வரும் வருவாய் என்று எதிர்த்தரப்பு எண்களோடு வரும். இன்னும் வேலை தொடங்காத குவாரிக்குத் தடை கேட்பதும், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தச் சொல்வதும் நீதிபதியின் கண்ணில் ஒன்றல்ல. ஆகவே புதிய குவாரிக்கு முழுத் தடையையும், பழைய குவாரிக்கு முதலில் வெடி வைப்பதற்கு மட்டும் தடையையும், கூடவே வழக்கறிஞர் ஆணையரையோ (நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) கூட்டுக் குழுவையோ நியமித்து அளக்கும்படியும் கேளுங்கள். அளவான கோரிக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மேல் வைத்திருக்கிறது. தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைத் தீர்ப்பாயம் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று அதன் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் சொல்கிறது. தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகே இடைக்காலத் தடை தருவார்கள் என்பதால், முதல் நாளே தடை வரவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

ஒரு கண்ணியைப் பற்றிக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும். "மனுதாரரின் புகாரைப் பரிசீலித்து 12 வாரங்களுக்குள் முடிவெடுக்க ஆட்சியருக்கு உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேட்டு ரிட் மனு போடுவது நம் ஊரில் வாடிக்கையாகிவிட்டது. அந்த உத்தரவு எளிதில் கிடைக்கும், ஊரில் இனிப்பும் வழங்குவார்கள். பன்னிரண்டு வாரமும் டிப்பர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், முடிவில் "விதிமீறல் இல்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வரும், அந்தக் கடிதத்தை எதிர்த்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குத்தகை ஆணையையோ அனுமதி ஆணையையோ அதன் எண், தேதியோடு குறிப்பிட்டு ரத்து செய்யக் கோருங்கள். தடைக்கான இடைக்கால மனுவைத் தனியாக இணையுங்கள்.

மனுதாரர் யார் என்பதும் முக்கியம். போட்டிக் குவாரி வைத்திருப்பவரோ, முன்பு லாரி வாடகைக்கு விட்டுத் தகராறு செய்தவரோ, குவாரிக்காரரோடு நிலத்தகராறு உள்ளவரோ முன்னால் நின்றால் சுபாஷ் குமாருக்கு நேர்ந்ததுதான் நேரும். கிணறு வற்றிய விவசாயியும், சுவர் விரிசல் கண்ட வீட்டுக்காரரும் தங்கள் பெயரிலேயே நேரடிப் பாதிப்பைச் சொல்லி வந்தால் பொதுநல வழக்கு என்ற பெயர்கூடத் தேவைப்படாது. நல்ல பெயர் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குத் தாமிரபரணி மணல் வழக்கு சான்று. முதிய வயதில் தோழர் நல்லகண்ணு மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடினார். 2010-இல் அந்த ஆற்றில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. அவருக்கு அதில் ஒரு பைசா சொந்த லாபமும் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிராம சபைத் தீர்மானத்தையும் நிறைவேற்றுங்கள். ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் மறுத்ததால் பாக்சைட் சுரங்கம் நின்றது உண்மைதான். ஆனால் அது வன உரிமைச் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றமே கிராம சபைகளிடம் ஒப்படைத்த முடிவு. பட்டா நிலத்தில் வரும் கல்குவாரியை நம் கிராம சபைத் தீர்மானம் அப்படியே தடுத்துவிடாது. எனினும் மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டார ஊர்கள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டு, ஒன்றாகத் திரண்டு நின்ற பிறகு, 2025 ஜனவரி 23 அன்று அரிட்டாபட்டியை உள்ளடக்கிய அந்த ஏலத்தை ஒன்றிய அரசே ரத்து செய்தது. அங்கே நீதிமன்றத் தடை தேவைப்படவே இல்லை.

அனுமதித்த ஆழத்துக்கும் எல்லைக்கும் அப்பால் கல் எடுத்திருந்தால், தடையோடு, 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப் பிரிவு 21(5)-இன்படி அந்தக் கல்லின் முழு விலையையும் வசூலிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2017 ஆகஸ்ட் 2 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நூறு விழுக்காட்டையும் வசூலிக்க வேண்டும் என்று கூறிவிட்டது. உயர் நீதிமன்றத் தடை வந்த பிறகும் இரவில் லாரி ஓடினால், வண்டி எண்ணும் நேரமும் தெரியும் படத்தோடு அவமதிப்பு மனு போட வேண்டும்; அதற்கான காலவரம்பு ஓராண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாளிதழ் விளம்பரம் வந்த தேதியையும், அனுமதி ஆணை இணையதளத்தில் ஏற்றப்பட்ட தேதியையும் எழுதி வையுங்கள். இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் தருவார்கள். தொண்ணூற்றொன்றாவது நாள் போனால், உங்கள் ஆவணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்த மேல்முறையீட்டை ஏற்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. விளம்பரம் வந்த நாளிதழின் அந்தப் பக்கத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.